பதினேழாம் பிரிவில் உறங்கிய விலங்கு

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மர அறுவை ஆலையின் அதிபரும், என் அம்மாவின் ஒரே தம்பியும், பிறந்த மூன்றாம் நாளே உங்கள் மீசையைப் பிடித்து இழுத்த குற்றத்துக்காக எனக்கு ‘வாலு’ என்று பெயர் வைத்தவருமான தங்களுக்கு, மேற்படி வாலு பணிவுடன் எழுதிக்கொள்வது. (பணிவு என்ற சொல்லைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பீர்கள். மாட்டிக்கொள்ளுங்கள், சரியாகத்தான் படித்தீர்கள்.) இங்கே நான் நலம், அம்மா நலம், அப்பா காலையிலும் மாலையிலும் நலம், மத்தியானத்தில் மட்டும் எப்படி என்பதைக் கீழே விவரித்திருக்கிறேன். அங்கே தாங்களும் அத்தையும் பெரிய ரம்பமும் சின்ன ரம்பமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தூக்கம் வந்ததா என்று மட்டும் கேட்க மாட்டேன், கேட்டால், “தூக்கமா? அது யாரு?” என்பீர்கள்.

விஷயம் இதுதான். வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்குள் தாங்கள் காட்டின் பதினேழாம் பிரிவுக்கு வந்து, முன்பு படுத்த அதே மரத்தடியில், அதே பக்கம் தலை வைத்து, மூன்று மணி நேரம் தூங்க வேண்டும். பழுப்புச் சட்டை போட்டு வந்தால் நல்லது. யாராவது குறிப்பேட்டோடு வந்து எட்டி நின்று பார்த்தால், எழுந்து உட்கார்ந்து “என்னப்பா வேணும்?” என்று கேட்கவே கூடாது. ஏன், எதற்கு என்று கேட்காமல் வருகிற ஆள் நீங்கள் இல்லை என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். கோபம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே படியுங்கள். உங்களுக்குப் பல்லுக்கா பஞ்சம், ஆலை முழுக்கப் பல்தானே.

அப்பா வனத்துறையின் கிளை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர் என்பது தங்களுக்குத் தெரியும். (தலைமை அலுவலகம் இருக்கிறது, கிளை அலுவலகம் இருக்கிறது, வேர் அலுவலகம் எங்கே என்று ஒருநாள் கேட்டேன். அப்பா எழுந்து போய்விட்டார்.) போன மாதம் அந்தக் கிளை முறிந்துவிட்டது. நாட்டிலுள்ள மரத்தையெல்லாம் காப்பாற்றுகிற அலுவலகத்தின் உத்திரத்தைக் கரையான் உட்கார்ந்து நிதானமாகத் தின்றுவிட்டதால், கூரையைச் சரிசெய்யும் வரை எல்லாரும் அவரவர் வேலையை வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்று உத்தரவு வந்தது, அப்பாவின் வேலையோ ஒரு முழுக் காடு, அதை எங்கே விரிப்பது என்று வீடு முழுக்க அளந்து பார்த்துக் கடைசியில் சாப்பாட்டு மேசையில் விரித்தார். அன்றிலிருந்து நாங்கள் காட்டோரத்தில்தான் சாப்பிடுகிறோம். “தண்ணிய ஆத்துப் பக்கம் வைக்காத, சிந்திடும்” என்பார் அப்பா. “உப்பு எங்கம்மா?” என்றால், “இருபத்திரெண்டாம் பிரிவுல பாரு, மேட்டுக்கு அந்தாண்ட” என்பார் அம்மா. கையை நீட்டி எடுக்கும்போது நான் மூன்று ஓடைகளைத் தாண்ட வேண்டியிருக்கும்.

அந்தக் காட்டில் மொத்தம் முப்பத்தொரு பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம், ஒரு நிறம். பச்சை அடித்தால் காப்புக்காடு, அதற்குள் கோடாலி நுழையக் கூடாது. பழுப்பு அடித்தால் மரம் எடுக்கும் நிலம், ஒரு பக்கமாக வெட்டி, திரும்ப நட்டு, அது வளர்ந்து ஆளானதும் மறுபடி வெட்டலாம். “எல்லாத்தையும் பச்சையா அடிச்சிட்டா என்னப்பா?” என்று கேட்டேன். “ஊருக்குக் கதவும் வேணும், காடும் வேணும். கதவில்லாத ஊரு காட்டுக்கே போயிடும்” என்றார். இப்படி முப்பது பிரிவுகளுக்கும் நிறம் வந்துவிட்டது. பதினேழு மட்டும் வெள்ளையாக, முன்பல் விழுந்த வாய் மாதிரி, காட்டின் நடுவே இளித்துக்கொண்டு இருந்தது.

ஏன் என்று தங்களுக்கே தெரியும். ஐந்து வாரத்துக்கு முன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “மச்சான், பதினேழு ரோட்டுக்குப் பக்கம், லாரி நேரா ஏறிடும். அத மட்டும் பழுப்பா போட்டுடுங்க. இல்லேன்னா நான் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்று சொன்னீர்கள். வாய்தான் சிரித்தது. அதற்குப் பிறகு நீங்கள் வரவே இல்லை. உங்களுடைய மூடி போட்ட பெரிய கோப்பையை அம்மா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கழுவித் துடைத்து, மறுபடி அதே இடத்தில் கவிழ்க்கிறார். யாரும் குடிக்காத கோப்பையை ஏன் கழுவுகிறீர்கள் என்று கேட்டதற்கு, “உனக்குத் தம்பி இருந்திருந்தா தெரியும்” என்றார். கோப்பையின் மூடியை நான் துடைத்துக் கொடுத்தேன்.

இனி மத்தியானக் கதை. பள்ளி விடுமுறை என்பதால் நான் வீட்டில். அம்மாவுக்குத் தபால் நிலையத்தில் மத்தியான வேலை. வீட்டில் நான், அப்பா, காடு. எங்கள் சாப்பாட்டு அறைக்குக் கிழக்கே ஒரு ஜன்னல், மேற்கே ஒரு ஜன்னல். காலையில் முதலாம் பிரிவில் விழும் வெயில் மெதுவாக நகர்ந்து, ஓடைகளைத் தாண்டி, மேடுகளில் ஏறி இறங்கி, மூன்றரை மணிக்குச் சரியாகப் பதினேழில் வந்து நிற்கும். அப்போது திரைச்சீலை அசைந்தால் நிழலும் அசையும், தாளில் வரைந்த மரமெல்லாம் காற்றில் ஆடுகிற மாதிரி இருக்கும், சத்தம் மட்டும்தான் வராது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நான் மேசையருகே நிற்கிறேனா, மரத்தருகே நிற்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். அந்த நேரம் பார்த்து அப்பா நாற்காலியில் சாய்ந்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, குறட்டை விடத் தொடங்குவார். மாமா, அது குறட்டை இல்லை, உங்கள் பெரிய ரம்பத்தில் ஆணியடித்த கட்டை சிக்கினால் ஒரு சத்தம் வருமே, அது. காட்டுக்குள்ளே யாரோ திருட்டுத்தனமாக மரம் அறுக்கிறார்கள் என்றுதான் முதல் நாள் நினைத்தேன்.

இரண்டாம் நாள் அந்தக் குறட்டைக்கு நடுவில் அவர், “ஒன்பது… பழுப்பு” என்றார். தூக்கத்தில் பேசுகிறவர்களிடம் அதிகாரமாகக் கேட்டால் உண்மையைச் சொல்வார்கள் என்று எங்கேயோ படித்திருக்கிறேன். (எங்கே என்று கேட்காதீர்கள், நான்தான் பள்ளிப் பெஞ்சில் எழுதி வைத்தேன்.) குரலைக் கனமாக்கிக்கொண்டு, “மேலிடத்துலேர்ந்து பேசறோம். ஒன்பதுக்கு என்ன காரணம்?” என்றேன்.

“நட்ட மரம்ங்க. முப்பது வருஷம். நேரா வளந்திருக்கு, வெட்டலாம்.”

“இருபத்து மூணு?”

“அதுவும் பழுப்புதான். நல்ல மரம். ஆனா லாரி சுத்திப் போகணும். எங்க மாப்ள திட்டுவான்.”

“திட்டட்டும். பதினேழு?”

குறட்டை நின்றது. பதினேழின் மேல் வெயில் இருந்தது. அப்பா ரொம்ப மெல்ல, “சத்தம் போடாதீங்க” என்றார்.

“ஏன்?”

“உள்ள ஒருத்தர் தூங்கறாரு.”

எனக்குப் புல்லரித்துவிட்டது. நாம் மூவரும் அங்கே போன நாள் ஞாபகம் வந்தது. அப்பா அளவு நாடாவைச் சுற்றி ஒவ்வொரு மரமாகச் சுற்றளவு எடுக்க, நான் நோட்டில் எழுத, நீங்கள் அடிமரத்தைத் தட்டித் தட்டி, “இது பத்துக் கதவு, அது ஆறு கட்டில், அந்தக் கோணல் நாலு ஸ்டூலுக்குக் கூடத் தேறாது” என்று காட்டையே நாற்காலி மேசையாக வாசித்துக்கொண்டு வந்தீர்கள். பனி இன்னும் மரங்களின் இடுப்பளவுக்கு நின்றது. பாசி பிடித்த ஒரு பெரிய மரத்தடியில், “ஒரே நிமிஷம்” என்று உட்கார்ந்தீர்கள். அடுத்த நிமிஷம் தூக்கத்துக்குள் போய்விட்டீர்கள். ஆலை வாங்கிய நாளிலிருந்து காதுக்குள் ரம்பம் ஓடுகிறது என்று மூன்று தலையணையோடு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டுகிறவர், ஊருக்கெல்லாம் கட்டிலுக்குப் பலகை அறுத்துக் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறவர், இலைக் குப்பையில் ஒரு காதை வைத்துக் குழந்தை மாதிரித் தூங்கினீர்கள். அப்பா தன் கோட்டைக் கழற்றி உங்கள் மேல் போட்டார். நாடாவை இழுத்தால் படக்கென்று சத்தம் வரும் என்று அளப்பதையே நிறுத்திவிட்டார். மூன்று மணி நேரம் நாங்கள் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு சிறு மழை வந்து போனது, அது நின்ற பிறகும் இலைகளில் இருந்து ஒரு மணி நேரம் தனியாக மழை பெய்தது. அப்பா என்னிடம் கை ஜாடையிலேயே பேசினார். எழுந்ததும் நீங்கள் முதலில் சொன்னது, “நான் தூங்கவே இல்ல. கண்ண மூடிக் கணக்குப் போட்டுக்கிட்டிருந்தேன். கீழ தண்ணி ஓடற சத்தம் வேற கேட்டுக்கிட்டே இருந்துச்சு.” நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். கன்னத்தில் ஒரு முழு இலை அச்சாகப் பதிந்திருந்தது, அதன் நரம்பைக்கூட எண்ணலாம், தூங்கவே இல்லையாம்.

ஆக, அப்பா விழித்திருக்கும்போது பதினேழைப் பற்றிப் பேச மாட்டேன் என்கிறார், தூங்கும்போது சத்தம் போடாதே என்கிறார், அதாவது பச்சை. விழித்திருக்கிற அப்பா உங்களுக்குப் பயப்படுகிறார், தூங்குகிற அப்பா யாருக்கும் பயப்படுவதில்லை. எனக்குத் தூங்குகிற அப்பாவைத்தான் பிடித்திருந்தது. எனவே போன மாதக் கடைசி வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு, அவர் காதிலிருந்து பச்சைப் பென்சிலை உருவி, பதினேழுக்கு நானே பச்சை அடித்துவிட்டேன். ஓரம் தாண்டாமல், அழகாக. அம்மா வந்து, “கையெல்லாம் என்னடி பச்சை? முளைச்சு மூணு இலை விடல, அதுக்குள்ள பொய் வேற யோசிக்கிறியா?” என்றார். “இதோ அஞ்சு இலை விட்டாச்சு” என்று விரலைக் காட்டினேன். முதுகில் ஆறாவது விழுந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பச்சை அடித்தால் படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். அதில் பொய் எழுதினால் அப்பாவுக்கு ஆபத்து. எனவே முழுக்க முழுக்க உண்மையே எழுதினேன்: “இப்பிரிவில் பெரிய பாலூட்டி ஒன்று பகல் வேளையில் மூன்று மணி நேரம் ஆழ்ந்து உறங்கியது நேரில் காணப்பட்டது. ஆண். எடை தொண்ணூறு கிலோ (உணவுக்கு முன்). மீசை உண்டு. வேறெந்த இடத்திலும் இவ்விலங்கு உறங்குவதில்லை எனத் தெரிகிறது.” இதில் எந்த வார்த்தை தப்பு, சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அப்பா வரைபடத்தைச் சுருட்டும்போது பதினேழு உள்பக்கம் போய்விட்டது. அவர் பார்க்கவே இல்லை. படிவங்களையும் கட்டி எடுத்துப்போனார். நான் மூன்று நாள் நிம்மதியாக விசிலடித்தேன்.

திங்கட்கிழமை அப்பா ஓர் உறையோடு வந்தார். முகம் பேயறைந்த மாதிரி. “தலைமை அலுவலகத்துலேர்ந்து வந்திருக்கு. என்னமோ விலங்குங்கறாங்க. நான் எந்த விலங்கையும் பாக்கலையே” என்று சொல்லிவிட்டுக் கூரையையே பார்த்தார். நான் வாங்கிப் படித்தேன். ஊதா மையில், ஓரமெல்லாம் நெளிநெளியாக, ஒரு வட்ட முத்திரை. “பொருள்: பதினேழாம் பிரிவில் உறங்கிய பாலூட்டி, தொடர்பாக. மேற்படி விலங்கு தனித்து வாழ்வதா, கூட்டமாக வாழ்வதா? உணவு யாது? மனிதரைக் கண்டால் சீறுமா? மீசை மேல் நோக்கியதா, கீழ் நோக்கியதா? எதிர்வரும் புதன்கிழமை களப் பார்வையாளர் நேரில் வருவார். விலங்கு அவ்விடத்தில் உறங்கக் காணப்படாவிடில் பதினேழாம் பிரிவு பழுப்பாக மாற்றப்படும். வரைபடக்காரரிடமும் விளக்கம் கோரப்படும்.” நான் மரம் மாதிரி நின்றேன். பச்சையா பழுப்பா என்று என்னை யாராவது கேட்டிருந்தால் வெளுப்பு என்றிருப்பேன். என் ஒரு பென்சில் வேலையால் அப்பாவின் வேலைக்கே உலை. “என்ன பண்ணலாம், வாலு?” என்று அப்பா கேட்டார். “விலங்குக்கு லெட்டர் போடலாம்” என்று வாய் வரை வந்தது. முழுங்கிவிட்டேன். ஆனால் யோசனை என்னவோ நல்ல யோசனைதான்.

எனவேதான் இந்த லெட்டர். மாமா, உங்கள் ஆலைக்குப் பதினேழுதான் பக்கம் என்பது எனக்கும் தெரியும். வரைபடத்தில் நூலை வைத்து அளந்து பார்த்தேன். இருபத்து மூன்றுக்குச் சுற்றிப் போனால் லாரிக்கு முக்கால் மணி நேரம் கூட ஆகும், அவ்வளவுதான். ஒன்பது, பதினொன்று, இருபத்து மூன்று எல்லாம் பழுப்பு, எல்லாம் நேரான மரம், உங்கள் ரம்பத்துக்கு வேலை இருக்கும். பதினேழை வெட்டினால் நூறு கட்டில் கிடைக்கலாம். அதில் எதில் படுத்தாலும் உங்களுக்குத் தூக்கம் வராது. குலத்தைக் கெடுக்க வந்த கோடாலிக் காம்பு என்று என்னைத் திட்டுவீர்கள். காம்பு வெட்டுகிற பக்கம் இல்லை, நான் பிடித்து நிறுத்துகிற பக்கம், அவ்வளவுதான் வித்தியாசம். இது எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு. அப்பாவுக்கு ஒன்றுமே தெரியாது, அவர் அப்பாவி, தூங்கிக்கொண்டிருந்தார். கோபத்தை என் மேல் இறக்குங்கள், வாசப்படியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அத்தைக்கு என் வணக்கம். ரம்பங்களுக்குக் கொஞ்சம் எண்ணெய். தங்கள் மீசை மேல் நோக்கியே வளர்க. புதன்கிழமை பனி உங்களுக்குப் போர்வையாகட்டும். காதுக்குள் ஓடுகிற ரம்பம் அன்று ஒருநாளாவது விடுப்பு எடுக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பாசத்துக்கும் குட்டுக்கும் என்றும் உரிய,
வாலு

பின்குறிப்பு: மேலே உள்ள எதையும் நம்ப வேண்டாம். புதன்கிழமை வர வேண்டாம். இந்த உறையை ஒட்டப் பசை தேடி அப்பாவின் மேசை இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே மாத்திரைப் புட்டியின் மூடி ஒன்று, ஓரமெல்லாம் நெளிநெளியாக, முழுக்க ஊதா மை. அதை அந்தக் கடிதத்து முத்திரை மேல் வைத்துப் பார்த்தேன். கச்சிதம். மூடியோடு நேரே அம்மாவிடம் ஓடி, குறட்டை, தூக்கம், பேச்சு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: “குறட்டையா? உங்கப்பாவா? கல்யாணமாகி இருபது வருஷத்துல ஒரு நாள் விட்டதில்லையேடி. குறட்டை எங்க பொறந்த வீட்டுச் சொத்து, உங்க மாமா பேருக்கு எழுதி வச்சது.” தூங்குகிறவரை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவரை எழுப்ப முடியாது என்பார்கள். நானோ அவரிடம் இரண்டு வாரம் பேட்டியே எடுத்திருக்கிறேன்.

நானும் அம்மாவும் மூடியோடு போய் முன்னால் நின்றதும், அப்பா சிரித்துச் சிரித்து இருமிவிட்டுச் சொன்னார்: “அசல் வரைபடத்த எவனாவது சாப்பாட்டு மேசைல விரிப்பானாடி? அது ஆபீஸ்ல இரும்புப் பெட்டிக்குள்ள இருக்கு. இரும்பக் கரையான் தின்னாது. நீ பச்சை அடிச்சதும் நகல், எழுதின படிவமும் நகல்.” அசலில் பதினேழு எப்போதோ பச்சையாகிவிட்டதாம். நீங்கள் தூங்கி எழுந்த மறுநாளே அப்பா தனியாக அங்கே போயிருக்கிறார். நீங்கள் காது வைத்திருந்த இடத்தில் இலைக் குப்பையைத் தள்ளிப் பார்த்தால், கை அகலத்துக்கு ஓர் ஊற்று. எந்தப் பழைய வரைபடத்திலும் இல்லாதது. ஊருக்கு வருகிற ஓடை அங்கேதான் பிறக்கிறது. ‘காரணம்’ கட்டத்தில் ‘நீரூற்று’ என்று எழுதியிருக்கிறார். ‘கண்டறிந்தவர்’ கட்டத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. ஐந்து வாரமாக இதை உங்களிடம் சொல்லத் தைரியமில்லாமல், நீங்கள் திடீரென்று வந்தால் கண்ணில் படுமே என்று நகலில் அந்த இடத்தை மட்டும் வெள்ளையாக விட்டிருக்கிறார். “நான் எழுதினா உங்க மாமாவுக்குக் கோவம் வரும். நீ எழுதினா சிரிப்பு வரும். உன்ன எழுத வைக்கிறதுக்குத்தான் இத்தன பாடு” என்றார். மாமா, ஊரையே ஏய்க்கிற வாலை ஒரு தலை ஏய்த்துவிட்டது.

இதை எழுதும்போது மணி மூன்றரை. வெயில் மேசைக்கு வந்துவிட்டது. அப்பா நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, கூசாமல் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். நானும் விடவில்லை. குரலைக் கனமாக்கி, “மேலிடத்துலேர்ந்து பேசறோம். உங்க மாப்ளைக்கு ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டேன். குறட்டை நின்றது. “ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க. கோப்பை கழுவியே இருக்கு. சாப்பிட்டுட்டுப் பதினேழுக்குப் போகலாம். நான் நாடா கொண்டு வரல, அவன் ரம்பம் கொண்டு வர வேணாம்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “தலகாணியும் வேணாம்னு எழுதுங்க, மூணுமே” என்று சேர்த்துவிட்டு, குறட்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.